பலேர்மோவில் மலிவாகச் சாப்பிட வேளை தெரிந்தால் போதும்

இத்தாலி போய் வந்தவர்கள் சாப்பாட்டுச் செலவைச் சொல்லிப் புலம்புவதை நிறையக் கேட்டிருக்கிறேன். வெனிஸில் உட்கார்ந்து குடித்த ஒரு காபிக்கு இவ்வளவு, ரோமில் ஒரு தட்டு பாஸ்தாவுக்கு இவ்வளவு என்று. சிசிலித் தீவின் தலைநகரமான பலேர்மோவுக்கு நானும் கணவரும் கிளம்பியபோது எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. போதாக்குறைக்கு நான் சைவம். பால், முட்டை வரை சரி, அதற்கு மேல் கிடையாது. அவர் எதையும் விட்டுவைக்க மாட்டார். இரண்டு பேருக்கும் ஒரே தெருவில் வயிறு நிறைய வேண்டும், பர்ஸும் காலியாகக் கூடாது.

பலேர்மோ இதற்கென்றே அமைந்த ஊர். அங்கே மலிவான சாப்பாடு என்பது ஏழைகளுக்கென்று ஒதுக்கிய ஏதோ ஒன்று கிடையாது. வக்கீலும் மீன்காரரும் ஒரே வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரே பண்டத்தைச் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை இருக்கிறது. அந்த வேளையில் போனால் சூடாக, புதிதாக, இரண்டு மூன்று யூரோவுக்குள் கிடைக்கும். வேளை தப்பினால் ஆறிப்போனதுதான் மிச்சம். இல்லாவிட்டால் அதே பண்டத்தைத் தட்டில் வைத்து, துணி விரித்த மேஜையில் இரண்டு மடங்கு விலைக்குத் தருவார்கள். போனில் நட்சத்திரம் எண்ணிக்கொண்டு அலைவதைவிட இந்த நேரக் கணக்கு எங்களுக்குப் பலமடங்கு உதவியது.

காலையிலிருந்தே சொல்கிறேன். இத்தாலியில் 'பார்' என்றால் காபிக் கடை. சாராயமும் இருக்கும், ஆனால் காலையில் ஊரே அங்கே போவது காபிக்குத்தான். கூட்டமான கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, 'ஸ்கொன்த்ரீனோ' எனும் ரசீதை வாங்கிக்கொண்டு, பிறகு காபி போடுபவரிடம் நீட்ட வேண்டும். சின்னக் கடைகளில் குடித்துவிட்டே கட்டலாம். நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. நாங்கள் போனபோது நின்று குடிக்கும் எஸ்பிரெஸ்ஸோ ஒரு யூரோவை ஒட்டித்தான் இருந்தது, நம் பணத்தில் ஏறக்குறைய நூறு ரூபாய். அதே காபியை கதீட்ரல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் இரண்டு மடங்குக்கு மேல் போகும். உட்காருவது தப்பில்லை, கால் வலித்தால் உட்காரத்தான் வேண்டும். கூடுதலாகக் கொடுப்பது நாற்காலிக்கும் அந்தக் காட்சிக்குமான வாடகை என்று தெரிந்து கொடுத்தால் வயிற்றெரிச்சல் இருக்காது.

வெயில் காலமென்றால் காபியை விட்டுவிட்டு பாதாம் கிரனீத்தாவும் பிரியோஷும் கேளுங்கள். கிரனீத்தா என்பது கூழ் பதத்தில் உறையவைத்த பானம். பிரியோஷ் என்பது தலையில் குட்டிக் கொண்டை வைத்த மெத்தென்ற பன். அந்தக் கொண்டையை முதலில் பிய்த்து கிரனீத்தாவில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் அங்கே முறை. அது ஒன்றே மதியம் வரை தாங்கும்.

பத்து மணிக்கு மேல் சந்தைக்குப் போய்விட வேண்டும். பலேர்மோவின் பழைய சந்தைகளில் மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும்: பல்லரோ, காப்போ, வுச்சிரியா. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பல்லரோ. இத்தாலியிலேயே பெரிய ஓபரா அரங்கான தியேத்ரோ மாஸ்ஸிமோவுக்குப் பின்னால் காப்போ. வுச்சிரியாவில் இப்போது காய்கறி, மீன் வியாபாரம் ரொம்பக் குறைந்துவிட்டது, அது ராத்திரிக் கூட்டத்துக்கான இடம். வயிற்றுக்கு நல்லது பல்லரோ என்பது என் தீர்ப்பு. காப்போவில் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்து வெட்டி வைத்த பழக் கோப்பைகளும் பொரித்த மீன் கூம்புகளும் அதிகம். விலையும் அதற்கேற்ற மாதிரி.

பல்லரோவில் எனக்கு வாழ்வு கொடுத்தது பனெல்லே. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் பார்ஸ்லி இலையும் போட்டு, கைவிடாமல் கிளறிக் களி பதத்துக்குக் கொண்டு வருகிறார்கள். அதை மெல்லிசாகத் தேய்த்து ஆறவிட்டு, துண்டு போட்டு எண்ணெயில் பொரிப்பதுதான் பனெல்லே. அரபியர் ஆண்ட காலத்துச் சுவடு என்று சொல்கிறார்கள். எள் தூவிய உருண்டை ரொட்டியைப் பிளந்து, ஐந்தாறு பனெல்லேயை உள்ளே அடுக்கி, மேலே எலுமிச்சையைப் பிழிந்து கொடுப்பார்கள். வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய் மாதிரியும் இருக்க வேண்டும். அது சட்டியிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குத்தான். அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் மலைபோல் குவித்து வைத்திருக்கும் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நாலு பேர் காத்திருக்கும் வண்டியில் நில்லுங்கள். காத்திருப்பது ஐந்து நிமிடம், கிடைப்பது வேறு பண்டம். அதே வண்டியில் உருளைக்கிழங்கை மசித்து விரல் நீளத்துக்கு உருட்டிப் பொரித்த குரொக்கேயும் இருக்கும். 'பனெல்லே எ குரொக்கே' என்று கேட்டால் இரண்டையும் சேர்த்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். மூன்று யூரோவுக்குள் மதியச் சாப்பாடு முடிந்துவிடும்.

சில வண்டிகளில் கத்திரிக்காயைக் காம்போடு விசிறி போல் கீறிப் பொரித்து வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் காடை. பெரிய வீடுகளில் காடை பொரித்தால், சின்ன வீடுகளில் கத்திரிக்காயை அந்த வடிவத்துக்கு வெட்டிப் பொரித்தார்களாம். பலேர்மோ சமையலில் இந்தக் குறும்பு நிறைய. பிரபுக்கள் சின்னப் பறவைகளுக்குள் மசாலா அடைத்துச் சாப்பிட்டதைப் பார்த்து, மத்தி மீனுக்குள் ரொட்டித் தூளும் உலர்திராட்சையும் அடைத்துச் சுருட்டி, வாலைப் பறவையின் வால் போல் தூக்கி வைத்தார்கள். 'சார்தே ஆ பெக்காஃபீக்கோ' என்ற பெயரில் இன்று எல்லா உணவகத்திலும் கிடைக்கிறது. பறவை காணாமல் போய்விட்டது, மத்தி மிஞ்சிவிட்டது.

இனி கணவரின் கட்சி. நம்மூர்க் கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குவோமே, அந்த மண்ணீரல்தான் பலேர்மோவின் பெருமை. கன்றுக்குட்டியின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லிசாக அரிந்து, பன்றிக் கொழுப்பில் சூடாக்கி ரொட்டிக்குள் வைத்துத் தருவது 'பானி கா மேவுசா'. எலுமிச்சை மட்டும் பிழிந்து கேட்டால் 'கல்யாணம் ஆகாதது', ரிக்கோத்தா என்னும் மெத்தென்ற சீஸும் துருவிய சீஸும் போட்டால் 'கல்யாணம் ஆனது'. விற்பவர் இதைக் கேட்கும்போதே கண்ணைச் சிமிட்டுவார். அந்தக் காலத்தில் யூத இறைச்சிக்காரர்கள் மத விதிப்படி வெட்டுக்கூலி வாங்க முடியாமல், கூலிக்குப் பதில் உள்ளுறுப்புகளை வாங்கி விற்றதிலிருந்து இது வந்தது என்பார்கள். கணவர் ஆகாததைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆனதுதான் மேல் என்று தீர்ப்பளித்தார். உட்கார்ந்து சாப்பிட விரும்புபவர்களுக்கு 1834-இல் தொடங்கிய அந்திகா ஃபொக்காச்சேரியா சான் பிரான்செஸ்கோ இருக்கிறது. பழைய கடை, அழகான கடை, ஆனால் தெரு வண்டியைவிட விலை கூட.

பல்லரோவில் அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். துணி போட்டு மூடிய ஒரு கூடை, பக்கத்தில் ஒரு பெரியவர். விலைப் பலகை கிடையாது, பண்டமும் கண்ணில் படாது. கேட்டால் துணிக்கு அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து ரொட்டிக்குள்ளோ காகிதத்திலோ வைத்துக் கொடுப்பார். அது ஃப்ரித்தோலா. கன்றுக்குட்டியின் எலும்போரத் துணுக்குகள், குருத்தெலும்பு, கொழுப்பு எல்லாவற்றையும் வேகவைத்துப் பொரித்து மசாலாவோடு சூடு ஆறாமல் மூடி வைத்திருப்பது. முழுக் கை உள்ளே போய் வருவதைப் பார்த்து நான் நாலடி தள்ளி நின்றுகொண்டேன். கணவர் மிளகு தூவச் சொல்லி இரண்டாம் முறையும் வாங்கினார்.

அந்தச் சந்தையை ஒட்டிய சந்தில்தான் ஒரு தமிழ்க் குரல் கேட்டது. பலேர்மோவில் 1980-களிலிருந்தே ஈழத்தமிழர்கள் குடியேறி வாழ்கிறார்கள். ஊருக்கு மேலே பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு அவர்களில் இந்துக்களும் நடந்தே ஏறிப்போவது ஊரறிந்த விஷயம். மளிகைக் கடை வைத்திருந்த அந்த அண்ணனிடம் நான் ஊறுகாய் வாங்கப்போய், பேச்சு சாப்பாட்டுக்குத் திரும்பியது.

"தங்கச்சி, இஞ்ச ரெண்டரைக்குப் பிறகு அடுப்பை அணைச்சுப்போடுவினம். பிறகு எட்டு மணி வரைக்கும் ஒண்டும் சரிவராது. பசிச்சா பேக்கரிக்குப் போங்கோ, ரெஸ்டோரண்டுக்குப் போகாதேங்கோ."

"நாலு மணிக்குத் திறந்திருக்கிற ஹோட்டலெல்லாம் பார்த்தோமே அண்ணா?"

"அதெல்லாம் உங்களைப் பாத்துத் திறந்து வைச்சிருக்கிறது."

அதற்குப் பிறகு நாங்கள் நாலு மணிக்கு எந்த மேஜையிலும் உட்காரவில்லை. வெளிநாட்டில் நம்மூர் இட்லி தேடுபவள் இல்லை நான். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே பிழைக்க வந்தவர்களிடம் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பது வழக்கம். சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிறவர்களுக்குத்தான் நல்லதும் மலிவும் சேர்ந்திருக்கும் இடம் தெரியும்.

மேஜை போட்டுச் சாப்பிட வேண்டுமென்றால் மதியம் ஒரு மணிக்கு த்ரத்தோரியாவுக்குப் போங்கள். வீட்டுச் சாப்பாடு மாதிரி நாலைந்து பண்டம் மட்டும் சமைக்கும் சின்ன உணவகம் அது. உள்ளே போகுமுன் நான் பார்ப்பது இரண்டுதான். அன்றைய சமையலைக் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்களா? பக்கத்து வேலைத்தளத்து ஆட்கள் அழுக்குச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்களா? ஏழு மொழியில் படம் போட்ட மெனுவும், வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் ஆளும் இருந்தால் நடையைக் கட்டுவேன். வெனேசியா தெருவில் இருக்கும் ஃபெர்ரோ தி கவால்லோ அப்படி உள்ளூர்க்காரர்களும் போய் வரிசையில் நிற்கும் பழைய கடை. வரிசை சேருமுன் போய்விடுவது நல்லது.

பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு ஒன்றரை, இரண்டு யூரோ இருக்கும். ரொட்டிக்கும் மேஜைக்குமான கட்டணம் அது, ஏமாற்று கிடையாது. மெனுவிலேயே போட்டிருப்பார்கள், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில். அதற்கு மேல் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை, சில்லறையை விட்டுவிட்டு வந்தால் போதும். முன்பண்டம், பாஸ்தா, கறி, இனிப்பு என்று நாலு வரிசையையும் வாங்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. நான் பெரும்பாலும் பாஸ்தா மட்டும் வாங்குவேன். ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

ஆனால் மீன் விஷயத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். மெனுவில் மீனுக்கு நேரே ஆறு, ஏழு என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக 'எத்தோ' என்று எழுதியிருக்கும். அது நூறு கிராமுக்கான விலை. ஒரு முழு மீன் சாதாரணமாக நானூறு, ஐநூறு கிராம் இருக்கும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து மேஜையில் ஒரு தம்பதி இந்த எத்தோவைக் கவனிக்காமல் ஆளுக்கொரு மீன் சொல்லிவிட்டு, பில் வந்ததும் இரண்டு பேரும் மாறி மாறி அதைத் திருப்பிப் பார்த்தார்கள். மீனைப் பச்சையாகவே தட்டில் கொண்டுவந்து காட்டுவார்கள். அப்போதே எடை போட்டு மொத்தம் எவ்வளவு என்று கேட்கலாம். 'குவாந்தோ வியேனே?' போதும். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, உள்ளூர்க்காரர்களே கேட்கிறார்கள்.

மதியத்துக்கும் ராத்திரிக்கும் நடுவே இருக்கும் அந்த வறண்ட நேரத்தில் அண்ணன் சொன்ன பேக்கரிகள் கைகொடுத்தன. ஸ்ஃபின்ச்சோனே என்று ஒன்று: பஞ்சு போன்ற தடித்த ரொட்டியின் மேல் தக்காளி, வெங்காயம், சீஸ், ரொட்டித் தூள். எடை போட்டு வெட்டித் தருவார்கள். தெருவில் மூன்று சக்கர வண்டியிலும் வரும். நம்மூர் ஆட்டோவுக்கும் அந்தப் பியாஜியோ வண்டிக்கும் ஒரே பூர்வீகம்தான். ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் ஒன்று, 'எண்ணெய் கம்மி, தூசி தாராளம்' என்று தன் பண்டத்தைத் தானே கேலி செய்துகொண்டு போகும். எனக்கு அது உதவாது, ஏனென்றால் பெரும்பாலும் நெத்திலி சேர்ப்பார்கள். நான் வாங்கியது 'பானே குன்சாத்தோ'. ரொட்டியைப் பிளந்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி, தக்காளி, ஓரிகானோ, சீஸ் வைப்பது. இதிலும் நெத்திலி உண்டு. ஆனால் கண்ணெதிரே செய்வதால் 'சென்சா அச்சூகே' என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்.

சைவக்காரர்களுக்கு இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மேலுக்கு சைவம் போலத் தெரிவதில் பாதி அங்கே சைவம் கிடையாது. அரான்ச்சினா என்னும் பொரித்த சோற்று உருண்டையில் 'கார்னே' என்றால் கறி, 'புர்ரோ' என்றால் வெண்ணெய் என்று அர்த்தம். ஆனால் வெண்ணெய் உருண்டைக்குள் பன்றித் தொடைக்கறித் துண்டுகள் இருக்கும். சில கடைகளில் கீரை போட்டது உண்டு, அதைத் தேடுங்கள். ரொஸ்திச்சேரியா என்னும் சிற்றுண்டிக் கடைகளில் விற்கும் பன் வகைகளின் மாவிலேயே 'ஸ்த்ருத்தோ', அதாவது பன்றிக் கொழுப்பு, சேர்ப்பது வழக்கம். ரிக்கோத்தா அடைத்த குழல் இனிப்பான கன்னோலோவின் மொறுமொறு ஓட்டிலும் அப்படித்தான். ரிக்கோத்தா இனிப்பு வேண்டுமானால் ஓடில்லாத வகை எதையாவது கேட்கலாம், அல்லது ஸ்த்ருத்தோ உண்டா என்று கேட்டுவிட்டு வாங்கலாம். துணிந்து சாப்பிடக் கூடியவை கத்திரிக்காய்ப் பண்டங்கள்: புளிப்பும் இனிப்புமான கூட்டு போன்ற கப்போனாத்தா, தக்காளிச் சாறும் சீஸும் அடுக்கிச் சுட்ட பர்மிஜானா, தக்காளியும் பொரித்த கத்திரிக்காயும் போட்ட 'நோர்மா' பாஸ்தா. கப்போனாத்தாவில் சில இடங்களில் மீன் சேர்க்கும் பழக்கம் உண்டு, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. சீஸுக்காகப் பாலைத் திரையவைக்கச் சேர்க்கும், கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் வரை போய்ப் பார்ப்பவர்களுக்கு இத்தாலி ரொம்பக் கஷ்டம். பனெல்லேதான் கதி.

ராத்திரி எட்டரைக்கு மேல் வுச்சிரியாவில் புகை கிளம்பும். ஆட்டுக்குடலை வெங்காயத்தாளில் சுற்றிக் கரியில் சுடுகிறார்கள், ஸ்திக்கியோலா. சுடுபவர் வேண்டுமென்றே கொழுப்பைத் தணலில் போட்டுப் புகை எழுப்புவார், அதுதான் அவருக்கு விளம்பரம். கணவர் அந்தப் பக்கம் போக, நான் பக்கத்துத் தெருவில் மரினாரா பீட்சா வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்துகொள்வேன். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும் போட்ட பீட்சா அது, மெனுவில் பெரும்பாலும் விலை குறைந்ததும் அதுதான்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். தண்ணீர்ப் பாட்டிலை சூப்பர்மார்க்கெட்டில் வாங்குங்கள், சுற்றுலாத் தெருவில் வாங்காதீர்கள். அதே சூப்பர்மார்க்கெட்டில் சீஸ் வெட்டும் கவுண்டர் இருக்கும். ஒரு ரொட்டியை நீட்டி, ஐம்பது கிராம் சீஸ் வைக்கச் சொன்னால் வைத்துத் தருவார்கள். ரொட்டிக்கும் சீஸுக்கும் எடைக்கான விலைதான், சாண்ட்விச் கடையில் பாதிகூட ஆகாது. கார்டு வாங்க மறுக்கும் கடைக்கு 2022 ஜூன் முதல் அபராதம் உண்டு என்றாலும் தெரு வண்டிகளில் சில்லறையே நிம்மதி. சில கடைக் கதவுகளில் 'அத்தியோபிட்ஸோ' என்ற ஸ்டிக்கர் பார்க்கலாம். மாஃபியாவுக்கு மாமூல் கட்ட மாட்டோம் என்று சொல்லும் கடைகள் அவை. 2004-இல் சில இளைஞர்கள் தொடங்கிய இயக்கம். விலையில் வித்தியாசம் இல்லாதபோது நாங்கள் அந்தக் கதவைத்தான் தள்ளினோம்.

நாள் பார்த்தும் போக வேண்டும். ஞாயிறு மதியம் நல்ல த்ரத்தோரியாக்களில் குடும்பம் குடும்பமாக வந்துவிடுவார்கள், முன்பே சொல்லி வைக்காமல் இடம் கிடைக்காது. ஞாயிறு ராத்திரியும் திங்களும் பல கடைகளுக்கு விடுமுறை. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தில் உள்ளூர்க்காரர்களே கடற்கரைக்குப் போய்விடுவதால், திறந்திருப்பதில் பாதி பயணிகளுக்கான கடைகள். டிசம்பர் 13 புனித லூசியா நாள். பஞ்ச காலத்தில் கப்பலில் வந்து சேர்ந்த கோதுமையை மாவாக அரைக்கக்கூடப் பொறுக்காமல் அப்படியே வேகவைத்துச் சாப்பிட்டதன் நினைவாக அன்று ஊரில் பெரும்பாலோர் ரொட்டியும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். காலையிலிருந்தே அரான்ச்சினாக் கடை வாசலில் வரிசை நிற்கும். வழக்கமாக நாலு வகை போடும் கடையிலும் அன்று கீரை, கத்திரிக்காய், சாக்லேட் என்று வகைகள் கூடிப்போகும். சைவக்காரர்கள் தேதி பார்த்து டிக்கெட் போடுவதானால் அந்த நாளைப் பாருங்கள்.